சும்மா நிக்கிறது குத்தமாய்யா?

எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போன வாரம் ஒரு மனு சுத்துச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஊருணிக் கரை, பைபாஸ் பாலம், பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சுவர், இங்கெல்லாம் காரணமில்லாம நிக்கிற இளவட்டங்களை போலீஸ் கண்டதும் கைது பண்ணணும், அதுக்கு ஒரு உள்ளூர்ச் சட்டம் வேணும், ஏன்னா அங்கதான் கஞ்சா கைமாறுதுன்னு. கீழ வரிசையா கட்டைவிரல், கும்பிடு. எனக்குப் பாடம் எடுத்த சார், மளிகைக்கடை அண்ணாச்சி, கூடப் படிச்ச ரெண்டு பேர்னு எல்லாரும் ஓகே சொல்லியாச்சு.

குரூப்புல எழுதினா பத்து வரிக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க. அதனால இங்க வந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. மனுவில கையெழுத்துப் போட்டவங்க யாரும் கெட்டவங்க இல்ல. கஞ்சா எங்க பக்கம் இல்லைன்னு நான் சொல்லப் போறதும் இல்ல. இருக்கு. வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்துற கூத்தும் தமிழ்நாட்டுல இருக்கு. பத்தாங்கிளாஸ் பையன் கண்ணு செவந்து வீட்டுக்கு வந்தா அந்த அம்மா என்ன பாடுபடும்னு தெரியும். 'உனக்கென்ன, பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்துட்டு மனித உரிமை பேசுவ'ன்னு பின்னூட்டம் போட யாராவது ரெடியா இருப்பீங்க. போடுங்க. அதுக்கு முன்னாடி முழுசா படிச்சிருங்க.

அந்த மனு கேக்குறது கஞ்சா விக்கிறவனைப் பிடிக்கச் சொல்லி இல்ல. அதுக்கு 1985லேயே சட்டம் வந்தாச்சு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், எல்லாரும் என்டிபிஎஸ்னு சொல்றது. கையில கால் கிலோ கஞ்சா இருந்தாலும் ஒரு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். 1 கிலோ வரைக்கும் 'சிறிய அளவு', 20 கிலோவுக்கு மேல போனா 'வணிக அளவு', குறைஞ்சது 10 வருஷம். குடிச்சதுக்குத் தனியா 27ம் பிரிவு. வணிக அளவுல மாட்டினவனுக்கு ஜாமீன் கிடைக்கிறதுக்குள்ள தாவு தீந்துரும். சரக்கு கையில இருந்தா, 'எப்படி வந்துச்சு'ன்னு விளக்க வேண்டிய பொறுப்பே அவன் தலையில. இந்திய சட்டப் புத்தகத்துல இவ்வளவு கடுமையான சட்டம் ரொம்பக் கம்மி.

இத்தனையும் கையில இருக்க, எதுக்குப் புதுசா ஒரு சட்டம்? ஒரே காரணம்தான். என்டிபிஎஸ்ல கேஸ் போடணும்னா சரக்கு வேணும். எடை போடணும், சாம்பிள் எடுக்கணும், சாட்சி வேணும், லேபுக்கு அனுப்பணும். 'நிக்கிறான்' சட்டத்துக்கு இதெல்லாம் எதுவும் வேண்டாம். அவன் நின்னா போதும்.

நிற்க. (நிக்கிறதுதானே பிரச்சினையே :-) )

'இந்தியாவுல இப்படி ஒரு சட்டம் இல்லையே, அதனாலதான கேக்குறோம்'னு குரூப்புல ஒருத்தர் சொன்னார். அண்ணே, இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல இருக்கு. ஸ்டேஷன் பக்கம் ஒருதடவை போனவனுக்குக் கூட '109ல போட்டுருவேன்'ங்கற வார்த்தை தெரியும். சந்தேக கேஸ். குற்ற நடைமுறைச் சட்டத்தோட 109வது பிரிவு. 2024 ஜூலை 1ல இருந்து பேர் மாறி, பிஎன்எஸ்எஸ்ல 128வது பிரிவா உக்காந்திருக்கு. ஒருத்தன் தான் இருக்கிறதை மறைச்சுப் பதுங்குறான், குற்றம் பண்றதுக்காகத்தான் அப்படிப் பண்றான்னு நம்ப இடமிருந்தா, நிர்வாக மாஜிஸ்திரேட் அவனைக் கூப்பிட்டு, ஒரு வருஷம் வரைக்கும் ஒழுங்கா இருப்பேன்னு ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கலாம். நிர்வாக மாஜிஸ்திரேட்னா கோர்ட் நீதிபதி இல்ல, ஆர்டிஓ, தாசில்தார். பத்திரம் குடுக்க முடியலைன்னா ஜெயில். சொத்து வச்சிருக்கிற ஒருத்தன் வந்து ஜாமீன் நிக்கணும். நம்ம பக்கம் யாருக்கு அப்படி ஒரு சொந்தக்காரன் இருப்பான், யாருக்கு இருக்க மாட்டான்னு யோசிச்சுப் பாருங்க.

வெள்ளைக்காரன் 1898ல போட்ட பழைய சட்டத்துல இதே 109 இன்னும் அகலமா இருந்துச்சு. பதுங்க வேண்டியதே இல்ல. 'வெளிப்படையா பிழைப்புக்கு வழி இல்லாதவன்', 'தன்னைப் பத்தித் திருப்தியா கணக்குச் சொல்லத் தெரியாதவன்', இவங்களையும் பிடிக்கலாம். 1973ல புதுச் சட்டம் எழுதினப்போ அந்தப் பகுதியைத் தூக்கிட்டாங்க. வேலை இல்லாம இருக்கிறது குற்றம் இல்லைன்னு சுதந்திரம் வாங்கி 26 வருஷம் கழிச்சாவது உறைச்சிருக்கு. நம்ம குரூப்பு மனு, அவங்க தூக்கினதை மறுபடி உள்ள கொண்டாரச் சொல்லுது. தெரிஞ்சு கேக்கல, தெரியாமத்தான் கேக்குறாங்க. ஆனா கேக்குறது அதைத்தான்.

இந்தப் 'பிழைப்புக்கு வழி இல்லாதவன்' விஷயத்தைக் கரிசக்காட்டுல வச்சுப் பாக்கணும். எங்க பக்கம் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில விதைப்பு. உளுந்து, பாசி, சோளம், கம்பு, பருத்தி, இப்ப எங்க பாத்தாலும் மக்காச்சோளம். மாசி, பங்குனியோட காடு வெறுங்காடு. சித்திரை, வைகாசியில கரிசல் வெடிச்சுக் கால் உள்ள போற அளவுக்கு வாய் பொளந்து கிடக்கும். அந்த நாலஞ்சு மாசம் ஆம்பளைங்க எங்க இருப்பாங்க? மந்தையில, சாவடியில, வேப்பமரத்தடியில, டீக்கடை பெஞ்சில. தாயம், பேப்பர், வம்பு. வயசானவங்க பகல்ல, பையன்க ராத்திரியில. வீடு ஒரே அறை, தகரக் கூரை, உள்ள அனல். வெளிய காத்து வாங்க நிக்காம எங்க போவான்? எங்க ஊர்ல 'காரணமில்லாம நிக்கிறது'ங்கறது வருஷத்துல பாதி நாள் வாழ்க்கை முறை. இதைச் சட்டப்படி குற்றம்னு எழுதினா முதல்ல எங்க தாத்தாவைத்தான் தூக்கணும்.

அதுல இன்னொண்ணு. விக்கிறவன் நிக்க மாட்டான். அவன் போன்ல பேசிட்டு, பைக்ல வந்து, குடுத்துட்டு, போயிட்டே இருப்பான். சரக்கு வர்றது ஆந்திரா-ஒடிசா எல்லை மலைப்பக்கம் இருந்து. ரயில்ல, லாரியில, கார்ல. கோவில்பட்டி வழியா நாலு வழிச்சாலை போகுது. எட்டயபுரம் வழியா தூத்துக்குடி ரோடு போகுது. தூத்துக்குடி கடற்கரையில இருந்து போட்ல இலங்கைக்குப் போறப்ப பிடிச்சாங்கன்னு அடிக்கடி பேப்பர்ல படிக்கிறோம். இவ்வளவு தூரம் ஓடிட்டே இருக்கிற சரக்கு, நம்ம ஊருணிக் கரையில நிக்கிற பையனை ஜீப்புல ஏத்துனா நின்னுருமா? அங்க நிக்கிறவன் ஒண்ணு வாங்க வந்தவன், இல்ல காத்து வாங்க வந்தவன்.

'அய்யோ, போலீஸ்காரனுக்கு ஆளைப் பாத்தாலே தெரியும்டா'ம்பாங்க. சரி, தெரியும்னே வச்சுக்குவோம். நமக்குத் தெரிஞ்ச தொழில்ல கணக்குப் போடுவோம். (எஞ்சினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது உபயோகப்படட்டும்.) ஒரு ராத்திரி ஊருக்குள்ள அங்கங்க 400 பேர் நிக்கிறாங்கன்னு வைங்க. அதுல 8 பேர் நிஜமாவே விக்கிறவன். ஏட்டய்யா கண்ணு பலே கண்ணு, நூத்துக்குத் தொண்ணூறு சரியா சொல்லும். அந்த 8ல 7 பேரைப் பிடிச்சிருவார். சபாஷ். மிச்சம் 392 பேர் அப்பாவி. அவங்க விஷயத்துலயும் நூத்துக்குத் தொண்ணூறு சரியா விட்டுருவார், பத்து தப்பாகும். அதாவது 39 பேர். ஜீப்புல மொத்தம் 46 பேர், அதுல 39 பேர் ஒண்ணும் பண்ணாதவன். இது தொண்ணூறு மார்க் வாங்கற போலீஸுக்கு. எங்க டீம்ல இந்த லட்சணத்துல ஒரு மென்பொருளை டெஸ்டிங்குக்கு அனுப்பினா மூஞ்சியில விட்டெறிவாங்க. இங்க அதையே சட்டமாக்குன்னு மனு குடுக்குறோம்.

அந்த 39 பேர் யாரா இருப்பாங்கங்கறதும் குலுக்கல் சீட்டு இல்ல. எனக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்ன தீபாவளி லீவு முடிஞ்சு பெங்களூர் ஆம்னி பஸ்ஸுக்கு நெடுஞ்சாலை ஓரம் நின்னுட்டு இருந்தேன். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் எல்லைன்னு எழுதப் போறதில்ல. மணி பத்தரை. என்கூட இன்னொரு பையன், இருபது வயசு இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ்ல பேக்கிங் வேலை முடிச்சிட்டு அண்ணன் பைக்குக்காக நிக்கிறான். (வெளியூர் ஆளுகளுக்கு: எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்'னுதான் சொல்லுவோம். 'எங்கம்மா ஆபீஸுக்குப் போயிருக்கு'ன்னு ஒருத்தன் சொன்னா கம்ப்யூட்டர்னு நினைச்சிராதீங்க.) ஜீப் வந்து நின்னுச்சு. என்னைப் பாத்து, 'என்ன சார், பஸ்ஸுக்கா?' தோள்ல லேப்டாப் பை, கழுத்துல கம்பெனி கார்டு. அவ்வளவுதான் என் விசாரணை. அடுத்து அவன் பக்கம் திரும்பி, 'ஏல, எந்த ஊரு?' சொன்னான். 'எந்தத் தெரு?'

தென் மாவட்டத்துக்காரங்களுக்கு அந்த ரெண்டாவது கேள்வியை விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்காக: எங்க ஊர்கள்ல தெருப் பேரைச் சொன்னா சாதியைச் சொன்னதுக்குச் சமம்.

'சார், அவரும் என்னை மாதிரி வண்டிக்குத்தான் நிக்கிறார்'னு சொன்னேன். 'நீங்க உங்க பஸ்ஸைப் பாருங்க சார்.' மரியாதையாத்தான் சொன்னாங்க. அவனை ஏத்திட்டுப் போயிட்டாங்க. அப்புறம் பெரியப்பா பையன் மூலமா விசாரிச்சப்ப, விடிய விடிய உக்கார வச்சு, காலையில ஏதோ ஒரு பெட்டி கேஸ் எழுதி, அபராதம் கட்டச் சொல்லி அனுப்பினாங்கன்னு தெரிஞ்சுது. பையில ஒரு பீடிக்கட்டு கூட இல்லையாம். அன்னிக்கு ஷிஃப்டுக்கும் போக முடியல. நானும் நின்னேன், அவனும் நின்னான். ரெண்டு பேருமே ஆபீஸ் முடிச்சவங்கதான். வித்தியாசம் கழுத்துல தொங்குன ஒரு பிளாஸ்டிக் அட்டை.

இது புதுசா வந்த வியாதியும் இல்ல. ஆளைப் பாத்து, ஊரைக் கேட்டு, 'நீ ராத்திரியில வெளிய இருந்தாலே திருடன்'னு சொன்ன சட்டம் நம்ம மண்ணுக்கு நல்லாவே தெரியும். 1871ல வடக்க கொண்டு வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1911ல திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினாங்க. ஜனங்க அதைக் கைரேகைச் சட்டம்னு சொன்னாங்க. மதுரை, ராமநாதபுரம் பக்கம் ஊர் ஊரா ரேகை எடுத்தாங்க. ராத்திரியில ஸ்டேஷன்லயோ சாவடியிலயோ வந்து படுக்கணும். வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணும். குற்றம் என்ன பண்ணினான்னு கேள்வியே கிடையாது, பிறந்தான், அது போதும். 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர்ல ரேகை குடுக்க மாட்டோம்னு நின்ன ஜனங்களைச் சுட்டுத் தள்ளினாங்க. 16 பேர் செத்தாங்க. 1947 ஜூன்ல சென்னை மாகாணத்துல அந்தச் சட்டத்தை ஒழிச்சாங்க. மறுவருஷமே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம்னு வேற பேர்ல பாதியைத் திரும்ப உள்ள விட்டாங்க, அது தனிக்கதை. குரூப்புல மனுவுக்குக் கட்டைவிரல் தூக்கின ரெண்டு மூணு பேரோட கொள்ளுத்தாத்தா ஸ்டேஷன் திண்ணையில படுத்து எழுந்தவர்தான். எனக்கு நல்லாத் தெரியும். அவங்க வீட்டுல கேட்டாச் சொல்லுவாங்க.

'அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம்ப்பா'ன்னு சொல்றவங்களுக்கு 2020 ஜூன் 19. சாத்தான்குளம். லாக்டவுன் நேரம். செல்போன் கடை ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ். எஃப்ஐஆர்ல என்ன எழுதினாங்கன்னு ஞாபகம் இருக்கா? கடை முன்னாடி நின்னுட்டு இருந்தவங்களைக் கலைஞ்சு போகச் சொன்னோம், மத்தவங்க போயிட்டாங்க, இவங்க ரெண்டு பேரும் போகாம திட்டிட்டுத் தரையில புரண்டாங்க, அதுல ஊமைக்காயம் ஏற்பட்டுச்சு. இதுதான் கதை. சிசிடிவி படம் வெளிய வந்ததும் கூட்டமும் இல்ல, புரளலும் இல்லைன்னு ஊரே பாத்துச்சு. ரெண்டு பேரையும் கொண்டு வந்து அடைச்சது எங்க ஊர்ல, கோவில்பட்டி கிளைச்சிறையில. மகன் 22ம் தேதி ராத்திரியும் அப்பா 23ம் தேதி விடியக்காலையும் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில உயிரை விட்டாங்க. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டும் கோவில்பட்டிக்காரர்தான். அவருக்கே ஸ்டேஷன்ல ஒத்துழைப்பு இல்லைன்னு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சாத்தான்குளம் ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டுல வைக்கச் சொல்லுச்சு. கடைசியில 9 போலீஸ்காரங்க மேல சிபிஐ குற்றப்பத்திரிகை போட்டுச்சு.

'கலைஞ்சு போகச் சொன்னோம், போகலை.' நம்ம மனு கேக்குற சட்டத்தோட மொத்த வசனமும் இதுதான். சாத்தான்குளத்துல நடந்த அடிக்கும் கொலைக்கும் எந்தச் சட்டமும் அனுமதி குடுக்கலை, ஒத்துக்கறேன். ஆனா அந்த அடி ஆரம்பிச்ச வாசப்படி இதுதான். ஒருத்தன் நிக்கிறது குற்றமா இல்லையான்னு அங்கேயே, அப்பவே, கேள்வி கேக்க ஆளில்லாம முடிவு பண்ற அதிகாரம். அந்த ரெண்டு உடம்பும் எங்க ஊர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கோவில்பட்டியில கடை அடைச்சோமே, அதே கையால இந்த மனுவுல கையெழுத்தா?

வெளிநாட்டுல எல்லாம் இருக்குன்னு ஒரு வாதம் வரும். எனக்குப் பிடிச்ச ஏரியா :-). அமெரிக்காவுல சிகாகோ நகரசபை 1992ல ஒரு சட்டம் போட்டுச்சு. ரவுடி கும்பல்ல இருக்கான்னு போலீஸ் சந்தேகப்படுற ஒருத்தன் யாரோடயாவது 'வெளிப்படையான நோக்கம் எதுவுமில்லாம' ஒரு இடத்துல நின்னா, எல்லாரையும் கலைஞ்சு போகச் சொல்லலாம், போகலைன்னா கைது. அதுக்கும் காரணம் கஞ்சா, கொக்கெய்ன், தெருமுனை வியாபாரம்தான். அதுக்கும் தாய்மாருங்க வந்து அழுது சாட்சி சொன்னாங்க. மூணு வருஷத்துல 89,000க்கும் மேல 'கலைஞ்சு போ' உத்தரவு, 42,000க்கும் மேல கைது. 1999ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் மொராலஸ் வழக்குல சட்டத்தைத் தூக்கிக் கடாசிருச்சு. எது நோக்கம், எது நோக்கமில்லைன்னு முடிவு பண்றது முழுக்க போலீஸ்காரன் மனசுல இருக்கு, நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானத்துக்கு வெளிய அப்பனும் மகனும் நிக்கிறாங்க, கொள்ளையடிக்க நிக்கிறாங்களா, சாமி சோசாவை ஒரு தடவை பாக்க நிக்கிறாங்களா, இந்தச் சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு தீர்ப்புல உதாரணமே இருக்கு. இன்னொரு வேடிக்கையும் சொன்னாங்க. சட்டத்துல 'நோக்கம் இல்லாம'ன்னு எழுதினதால, நல்லாத் தெரியுற கெட்ட நோக்கத்தோட, அதாவது சரக்கு விக்கவே நிக்கிறவன் இதுக்குள்ள வர மாட்டான்! ஒண்ணும் பண்ணாதவனை மட்டும் பிடிக்கிற வலை.

சியாட்டில்ல 1990ல இருந்தே 'போதை வியாபாரத்துக்காக நிக்கிறது'ன்னு பேரே வச்சு ஒரு குற்றம் இருந்துச்சு. கறுப்பினத்தவர் மேலதான் அளவுக்கு மீறிப் பாயுதுன்னு பல வருஷம் சண்டை போட்டு 2020ல நீக்கினாங்க. நேர்மையா மீதியையும் சொல்லிடறேன். 2024ல அதே ஊர்ல வேற வடிவத்துல ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. போதை வழக்குல மாட்டினவனை, குறிப்பிட்ட சில தெருக்களுக்குள்ள வராதேன்னு கோர்ட் உத்தரவு போடலாம். அதுவும் எனக்குப் பிடிக்கலை. ஆனா அதுக்குக் கூட முதல்ல ஒரு வழக்கு வேணும், ஒரு நீதிபதி வேணும். நம்ம ஆளுங்க ரெண்டுமே வேண்டாங்கறாங்க.

இங்க ஏற்கனவே குடுத்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினாங்கன்னும் பாக்கணும். 1982ல வந்த குண்டர் சட்டம். விசாரணை இல்லாம ஒரு வருஷம் வரைக்கும் உள்ள. கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடின்னு ஆரம்பிச்ச பட்டியல்ல 2004ல திருட்டு விசிடி விக்கிறவனையும் சேத்தாங்க. (நம்மள்ல எத்தனை பேர் அந்தக் காலத்துல பர்மா பஜார் பக்கம் போயிருக்கோம், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.) சந்தேகத்துக்குப் பத்திரம் எழுதி வாங்குற மாஜிஸ்திரேட் அதிகாரத்தை 2013, 2014 அரசாணைகள் மூலமா போலீஸ் துணை கமிஷனர்களுக்கே குடுத்தாங்க. பிடிக்கிறவரே தீர்ப்பும் சொல்லுவார். 2023 மார்ச்சுல சென்னை உயர்நீதிமன்றம் அந்த அரசாணைகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சொல்லி ரத்து பண்ணுச்சு. இத்தனை வருஷம் இவ்வளவு அதிகாரம் கையில வச்சும் என்ன கிழிச்சாங்க? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. காட்டுக்குள்ள இல்ல, நகரத்துக்கு நடுவுல. விக்கிறவன் யாருன்னு தெருவுக்கே தெரிஞ்சிருந்துச்சு. போலீஸுக்கு இல்லாம போனது சட்டமா?

சரி, பொண்ணுங்க டியூஷன் விட்டு வர்ற வழியில கும்பலா நின்னு கமெண்ட் அடிக்கிறானே, அவனை என்ன பண்றதுன்னு எங்க சித்தி கேட்டாங்க. நியாயமான கேள்வி. கமெண்ட் அடிச்சவனைப் பிடிங்க. பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் 1998ல இருந்தே இருக்கு. அது நின்னதுக்குத் தண்டனை இல்ல, செஞ்சதுக்கு. அந்தப் பாலத்துக்கடியில நாலு தெருவிளக்கு போடச் சொல்லி நகராட்சிக்கு மனு குடுங்க, முதல் கையெழுத்து என்னோடது. ஊருணிக் கரையில வளந்து கிடக்கிற சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லுங்க. டாக்டர் சீட்டு இல்லாம வலி மாத்திரை விக்கிற கடை எதுன்னு ஊருக்கே தெரியும், மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்க. கடைக்காரர் சொந்தக்காரர்னு அதை மட்டும் யாரும் எழுத மாட்டேங்கறீங்க. பள்ளிக்கூடத்துல இருந்து நூறு கெஜத்துக்குள்ள சிகரெட், புகையிலை விக்கக் கூடாதுன்னு 2003 சட்டம் சொல்லுது, டேப் எடுத்துட்டு வாங்க, நானும் வர்றேன். ஹாக்கி ஊர்னு பெருமை பேசுறோமே, ராத்திரியில பையன்க மட்டை பிடிக்க இன்னும் ரெண்டு மைதானத்துல லைட் போடச் சொல்லுங்க. பழக்கத்துல விழுந்த பையனை உள்ள போட்டா அங்க இருந்து வெளிய வரும்போது விக்கிறவன் நம்பரோடதான் வருவான். என்டிபிஎஸ் சட்டத்துலேயே 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. அடிமையானவன் சிறிய அளவோட மாட்டி, தானா சிகிச்சைக்கு வந்தா வழக்குல இருந்து விலக்கு உண்டு. இப்படி ஒண்ணு இருக்குன்னு நம்ம ஊர்ல எத்தனை அப்பா அம்மாவுக்குத் தெரியும்?

கடைசியா, நின்னுட்டு இருக்கிற தம்பிகளுக்கு. ஜீப்புல ஏத்தினா எதுக்குன்னு காரணம் கேக்க உனக்கு உரிமை இருக்கு. கைதுன்னா வீட்டுக்குத் தகவல் சொல்லணும், கைதுக் குறிப்புல ஒரு சாட்சி கையெழுத்து இருக்கணும், டாக்டர்கிட்ட காட்டணும். இதெல்லாம் டி.கே.பாசு வழக்குல 1996 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் மட்டும்தான் கழிவு. கஞ்சா இருக்கான்னு உடம்பைச் சோதிக்கணும்னா, கெசட்டட் ஆபீசர் இல்ல மாஜிஸ்திரேட் முன்னாடி சோதிங்கன்னு கேக்குற உரிமை 50வது பிரிவுல இருக்கு, அந்த உரிமை இருக்குன்னு அவங்களே உன்கிட்டச் சொல்லியாகணும். வாக்குவாதம் பண்ணாத, ஓடாத. ஓடினா 'பதுங்கினான்'னு எழுத வசதியாப் போயிரும். வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து கேட்டா மட்டும் போடாத.

டிஸ்கி: மனுவுக்கு நான் கையெழுத்துப் போடாததால குரூப்புல என்னை 'கஞ்சா கட்சி'ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். நான் டீ கூட ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல குடிக்கிறதில்லீங்க.

டிஸ்கி 2: இது வக்கீல் ஆலோசனை இல்ல. வக்கீலா இருக்கிற வலைப்பதிவர்கள் யாராவது பிரிவு எண்ல தப்பு கண்டுபிடிச்சா பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திடறேன். 'அப்ப நீங்களே உங்க வீட்டு வாசல்ல கஞ்சா விக்க விடுங்க'ன்னு வர்ற அனானி பின்னூட்டத்துக்கு மட்டும் பதில் கிடையாது.